கல்லீரலின் கணக்கு: மருந்துகளை உடல் கையாளும் விதத்தைக் கூறும் கணினி மாதிரிகள்

மாத்திரை ஒன்றை விழுங்கிய பின் அதிலுள்ள மருந்து இரத்தத்தில் எவ்வளவு சேரும், எத்தனை மணி நேரம் தங்கும், எந்த வடிவில் வெளியேறும் என்பவற்றை முன்கூட்டியே கணக்கிட்டுக் கூறும் கணினி நிரல்கள் இன்று மருந்தியலில் பரவலாகப் பயன்படுகின்றன. இவற்றுக்கு உடலியங்கியல் சார்ந்த மருந்தியக்க மாதிரிகள் என்று பெயர். சுருக்கமாகப் பி.பி.பி.கே. மாதிரிகள் என்பர். இம்மாதிரிகளின் நடுநாயகமாக இருப்பது கல்லீரல். பெரும்பாலான மருந்துகளை மாற்றி, வெளியேறத்தக்க பொருளாக ஆக்குவது இவ்வுறுப்பே.

தருமபுரி மாவட்டத்தில் காசநோய்க்கு மருந்து உட்கொள்பவர்களும் அவர்தம் குடும்பத்தினரும் மருத்துவர்களிடம் இரண்டு கேள்விகளை அடிக்கடி கேட்கின்றனர். ஆறு மாதம் இத்தனை மாத்திரைகளை விழுங்கினால் கல்லீரல் கெட்டுவிடாதா என்பது ஒன்று. பக்கத்து வீட்டுக்காரரும் இதே மாத்திரையைத்தான் உட்கொண்டார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கு மட்டும் ஏன் காமாலை வந்தது என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள். இவற்றுக்கு அச்சமூட்டாமலும் மழுப்பாமலும் விடை கூற, கல்லீரல் மருந்தைக் கையாளும் கணக்கை ஓரளவு அறிந்துகொள்வது உதவும். எனவே இப்பக்கம் கணினி மாதிரிகளைப் பொதுவாக விளக்குவதோடு, காசநோய் மருந்துகளையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

கல்லீரல் மருந்தை என்ன செய்கிறது?

வயது வந்தவரின் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் இரத்தம் அதனுள் பாய்கிறது. இதில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து வாயிற்சிரை வழியாக வருவது. ஆதலால் வாய்வழி உட்கொண்ட மருந்து, உடலின் பிற பகுதிகளை அடையுமுன் கல்லீரலைக் கடந்தே செல்ல வேண்டும். சில மருந்துகளின் பெரும்பகுதி இந்த முதல் பயணத்திலேயே மாற்றப்பட்டுவிடும். ஊசி வழியே சிறிய அளவில் தரப்படும் அதே மருந்து மாத்திரையாகப் பன்மடங்கு கூடுதல் அளவில் தரப்படுவதற்கு இதுவே காரணம்.

மாற்றும் வேலையைச் செய்பவை நொதிகள். சைட்டோகுரோம் பி450 என்னும் நொதிக் குடும்பம் மருந்து மூலக்கூறின் ஒரு முனையைச் செதுக்குகிறது. வேறு சில நொதிகள் அதனுடன் இன்னொரு சிறு மூலக்கூறை ஒட்டி, நீரில் கரையத்தக்கதாக ஆக்குகின்றன. பின்னர் அது சிறுநீரிலோ பித்தநீரிலோ வெளியேறும். பெரும்பாலும் இவ்வாறு மாற்றப்பட்ட பொருள் தீங்கற்றது. ஆயினும் எப்போதும் அப்படியல்ல. பாராசிட்டமால் அளவு மீறும்போது கல்லீரலைச் சிதைப்பது அம்மருந்தே அன்று, கல்லீரல் அதிலிருந்து உண்டாக்கும் ஓர் இடைப்பொருளே. காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, உடல்வலிக்கு வேறொரு மாத்திரை, சளிக்கு மூன்றாவது எனக் கடையில் வாங்கி உட்கொள்பவர்கள், மூன்றிலும் பாராசிட்டமாலே இருப்பதை அறியாமல் போவதுண்டு.

கேழ்வரகு ஆலையும் ஒரு சமன்பாடும்

கணினி மாதிரி என்றவுடன் திரையில் சுழலும் கல்லீரல் படத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். அது பெரும்பாலும் சமன்பாடுகளின் தொகுப்பே. நம் ஊர் ஏரிச் சங்கிலியை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் ஏரியின் மதகு வழியே வரும் நீர், கீழ் ஏரிக்குச் செல்லும் நீர், வழியில் இழக்கப்படும் நீர் ஆகிய மூன்றும் தெரிந்தால், எந்த நேரத்திலும் ஏரியில் எவ்வளவு நீர் இருக்கும் எனக் கூறிவிடலாம். பி.பி.பி.கே. மாதிரியில் குடல், கல்லீரல், நுரையீரல், சிறுநீரகம், தசை, கொழுப்பு என ஒவ்வோர் உறுப்பும் ஓர் ஏரி, இரத்தநாளங்களே கால்வாய்கள். உறுப்பின் கன அளவும் இரத்த ஓட்டமும் உடலியங்கியல் நூல்களிலிருந்து பெறப்படுகின்றன. மருந்தின் தன்மைகள் ஆய்வகத்தில் அளக்கப்படுகின்றன. மனிதக் கல்லீரல் உயிரணுக்களைக் குடுவையில் வைத்து, அவை ஒரு மருந்தை எவ்வளவு விரைவில் மாற்றுகின்றன என்று அளந்து, அவ்வளவை முழுக் கல்லீரலுக்குப் பெருக்குவது வழக்கம்.

இந்த எண்ணம் புதிதன்று. சுவீடனின் உப்சாலாவைச் சேர்ந்த உடலியங்கியலாளர் டோர்ஸ்டன் டியோரெல் 1937-ஆம் ஆண்டிலேயே இத்தகைய சமன்பாடுகளை வெளியிட்டார். அவற்றைத் தீர்க்கும் கணினி அன்று இல்லை.

கல்லீரலுக்கென மாதிரிகளில் அதிகம் பயன்படும் எளிய சமன்பாடு ஒன்று உண்டு. கல்லீரல் ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் இரத்தத்தை மருந்தின்றித் தூய்மை செய்கிறது என்பதை நீக்கம் என்று கொள்வோம். நொதிகளின் முழு ஆற்றலைத் திறன் என்று கொள்வோம். அப்போது நீக்கம் என்பது ஓட்டத்தையும் திறனையும் பெருக்கி, ஓட்டமும் திறனும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது. இரத்தப் புரதத்துடன் ஒட்டியிருக்கும் மருந்தின் பங்கும் இதில் சேரும். எளிமை கருதி அதை இங்கு விட்டுவிடுகிறோம்.

கேழ்வரகு அரவை ஆலையுடன் ஒப்பிட்டால் இது விளங்கும். ஆலை மிக விரைவானதாகவும் தானியம் மெதுவாக வருவதாகவும் இருந்தால், எவ்வளவு மாவு கிடைக்கும் என்பதைத் தானிய வரத்தே முடிவு செய்கிறது. ஆலை மெதுவானதாக இருந்தால், மூட்டைகள் எத்தனை வந்து குவிந்தாலும் ஆலையின் வேகமே எல்லை.

எண்களில் பார்ப்போம். ஓட்டம் நிமிடத்துக்கு 1.5 லிட்டர், ஒரு மருந்துக்கான திறன் 0.1 லிட்டர் எனில் நீக்கம் 0.094 லிட்டர். நோயினால் திறன் பாதியாகி 0.05 ஆனால் நீக்கம் 0.048 ஆகிறது. அதாவது அதுவும் பாதியாகிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் இவ்வகை மருந்து. இப்போது திறன் 15 லிட்டராக உள்ள வேறொரு மருந்தை எடுத்துக்கொண்டால் நீக்கம் 1.36 லிட்டர். திறன் பாதியாகி 7.5 ஆனாலும் நீக்கம் 1.25 லிட்டர்தான், பெரிய மாற்றமில்லை.

இதைக் கண்டு இரண்டாவது மருந்து பாதுகாப்பானது என்று முடிவு செய்தால் அது பிழையாகும். ஊசியாகச் செலுத்தினால் மட்டுமே அவ்வாறு. அதே மருந்தை மாத்திரையாக விழுங்கினால், நல்ல கல்லீரலின் முதல் பயணத்தைத் தாண்டி வெளியே வருவது நூற்றுக்கு 9 பங்கு. திறன் பாதியான கல்லீரலைத் தாண்டி வருவது நூற்றுக்கு ஏறத்தாழ 17 பங்கு. உடல் எதிர்கொள்ளும் மொத்த மருந்து இரு மடங்காகிறது. மாத்திரையின் அளவு மாறவில்லை, கல்லீரல் மட்டுமே மாறியிருக்கிறது. கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களுக்கு இரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால் போன்ற மருந்துகளைக் குறைந்த அளவில் தொடங்குவது இதனால்தான்.

சென்னையில் அளக்கப்பட்ட ஒரு வேறுபாடு

மேற்கூறிய சமன்பாட்டில் திறன் என்ற எண் எல்லோருக்கும் ஒன்றல்ல. இதற்கு மருத்துவ வரலாற்றில் நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டுகளுள் ஒன்று ஐசோனியாசிட் என்னும் காசநோய் மருந்து. அதன் வரலாற்றின் ஒரு முக்கியப் பகுதி சென்னையில் நிகழ்ந்தது.

1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூட்டாக அமைத்த இம்மையமே இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோயாளியைச் சானடோரியத்தில் சேர்க்காமல் வீட்டிலிருந்தே குணப்படுத்த முடியும் என்பதை 1959-இல் வெளியான அதன் ஆய்வு உலகுக்குக் காட்டியது. அது பலரும் அறிந்த செய்தி. அம்மையம் நோயாளிகளின் இரத்தத்தில் ஐசோனியாசிட் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பொறுமையாக அளந்து வந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. என் கருத்தில் அது முந்தையதற்குக் குறைந்ததன்று.

ஐசோனியாசிட்டை மாற்றும் கல்லீரல் நொதியின் பெயர் என்.ஏ.டி.2. பெற்றோரிடமிருந்து பெற்ற மரபணுவைப் பொறுத்து இந்நொதி சிலருக்கு விரைவாகவும் சிலருக்கு மெதுவாகவும் வேலை செய்கிறது, இடைப்பட்டவர்களும் உண்டு. தென்னிந்தியரில் பாதிக்கும் மேற்பட்டோர் மெதுவானவர்கள். ஜப்பானியரில் மெதுவானவர்கள் பத்தில் ஒருவர் அளவே. இது நோயன்று, குறையுமன்று. இரத்த வகை போல ஒரு பிறவி இயல்பு.

விரைவானவரின் உடலில் மருந்து பாதியாகக் குறைய சுமார் 1.5 மணி நேரமும், மெதுவானவரின் உடலில் சுமார் 3 மணி நேரமும் ஆவதாகக் கொள்வோம். காலை 6 மணிக்கு இருவர் உடலிலும் 100 பங்கு மருந்து இருந்தால், நண்பகல் 12 மணிக்கு மெதுவானவரிடம் 25 பங்கும் விரைவானவரிடம் 6 பங்கும் எஞ்சியிருக்கும். மாலை 6 மணிக்கு மெதுவானவரிடம் 6 பங்கு. விரைவானவரிடம் அரைப் பங்குகூட இல்லை. மறுநாள் காலை அடுத்த மாத்திரையை விழுங்கும்போது மெதுவானவரிடமும் ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சியிருக்காது. நாள்தோறும் உட்கொள்வதால் இம்மருந்து உடலில் சேர்ந்துகொண்டே போகும் என்ற அச்சத்துக்கு இக்கணக்கே விடை.

ஆனால் வாரம் ஒரு முறை மட்டும் மருந்து தந்தால் என்ன ஆகும்? சென்னை மையம் ஐசோனியாசிட்டையும் ஸ்ட்ரெப்டோமைசினையும் வாரத்துக்கு ஒரு முறை தரும் முறையைச் சோதித்தபோது, விரைவானவர்களிடம் அது குறைவாகவே பலன் தந்தது. மருந்து சில மணி நேரத்தில் மறைந்துவிட, கிருமிக்கு வாரத்தின் மற்ற நாட்கள் கிடைத்துவிட்டன. மறுபுறம், உயர்ந்த அளவில் ஐசோனியாசிட் பெற்ற, ஊட்டம் குன்றிய நோயாளிகளிடம் கைகால் எரிச்சலும் மரத்துப்போதலும் காணப்பட்டன. மெதுவானவர்களிடம் இது மிகுதி. இந்நரம்புப் பாதிப்பைத் தடுக்கவே இன்று காசநோய் மருந்துடன் பைரிடாக்சின் என்னும் வைட்டமின் பி6 மாத்திரை தரப்படுகிறது. அதைச் சத்து மாத்திரைதானே என்று ஒதுக்கிவிடுபவர்கள் உளர். ஒதுக்க வேண்டாம்.

இவ்வாறு பல நாடுகளிலும் சேர்ந்த அளவீடுகளைக் கொண்டே பிற்காலத்துக் கணினி மாதிரிகள் கட்டப்பட்டன. 2016-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் ஐசோனியாசிட்டுக்கென ஒரு பி.பி.பி.கே. மாதிரியை வெளியிட்டனர். நுரையீரலில் மருந்து கிருமியைக் கொல்லும் அளவையும், அதே நேரத்தில் பிற உறுப்புகள் நச்சு இடைப்பொருளுக்கு ஆட்படும் அளவையும் அது ஒருசேரக் கணக்கிடுகிறது. விரைவானவர், இடைப்பட்டவர், மெதுவானவர் எனக் கற்பனை நோயாளிகளை உருவாக்கிப் பல்வேறு மருந்தளவுகளைச் சோதித்து, ஒரே அளவு எல்லோருக்கும் பொருந்தாது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 2013-இல், ஜப்பானில் உண்மையான நோயாளிகளிடம் இது சோதிக்கப்பட்டிருந்தது. மரபணுவைப் பார்த்து, மெதுவானவர்களுக்குக் கிலோ எடைக்கு 2.5 மில்லிகிராமும் விரைவானவர்களுக்கு 7.5 மில்லிகிராமும் தரப்பட்டன. வழக்கமான அளவு கிலோவுக்கு 5 மில்லிகிராம். அளவைக் குறைத்துப் பெற்ற மெதுவானவர்களிடம் கல்லீரல் பாதிப்பு குறைந்தது.

அப்படியானால் நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏன் மரபணுச் சோதனை செய்வதில்லை என்று நீங்கள் கேட்கலாம். இந்தியாவில் தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் கீழ் 2017 முதல் நாள்தோறும் கூட்டு மாத்திரை தரும் முறை நாடெங்கும் நடைமுறையில் உள்ளது. தொடக்கக் கட்டக் கூட்டு மாத்திரை ஒன்றில் ஐசோனியாசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைரசினமைடு 400, எத்தாம்புட்டால் 275 மில்லிகிராம் உள்ளன. எத்தனை மாத்திரை என்பது எடைப் பிரிவைப் பொறுத்தது. 3 மாத்திரை பெறுபவர் 40 கிலோ எடை எனில் அவருக்குக் கிடைக்கும் ஐசோனியாசிட் கிலோவுக்கு 5.6 மில்லிகிராம், 48 கிலோ எனில் 4.7 மில்லிகிராம். நான்கு மருந்துகளும் ஒரே மாத்திரையில் இணைந்திருப்பதால், ஒன்றை மட்டும் கூட்டிக் குறைக்க இயலாது. ஆனால் நான்கையும் தவறாமல் உட்கொள்ள இதுவே எளிய வழி. பல இலட்சம் பேருக்கு மருந்து சென்றடைய வேண்டிய நாட்டில் இது அற்ப நன்மையன்று. தனித்தனி அளவு என்பது சரியான திசை என்றே கருதுகிறேன். ஆயினும் ஒரு நாள் மாத்திரையைத் தவறவிடுவதால் வரும் இழப்பை எந்த நுண்ணிய அளவுக் கணக்கும் ஈடு செய்யாது.

ஒரு மருந்து மற்றொன்றைத் துரத்தும்போது

கணினி மாதிரிகள் இன்று மிகுதியாகப் பயன்படுவது மருந்துகளுக்கிடையிலான மோதலை முன்னறிவதற்கே. இதில் ரிஃபாம்பிசின் ஒரு தனி அத்தியாயம். சி.ஒய்.பி.3ஏ4 என்னும் கல்லீரல் நொதியைக் கூடுதலாக உற்பத்தி செய்யும்படி அது உயிரணுக்களைத் தூண்டுகிறது. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் இத்தூண்டல் உச்சத்தை அடைகிறது. மருந்தை நிறுத்திய பின் அடங்கவும் அதே அளவு காலம் ஆகிறது. இடைப்பட்ட காலத்தில் ஆலையில் புதிய கற்கள் பூட்டப்பட்டது போல, அந்நொதி மாற்றும் பிற மருந்துகளெல்லாம் விரைந்து அரைபடுகின்றன. புதிய மருந்தொன்றை உருவாக்கும் நிறுவனங்கள், ரிஃபாம்பிசினுடன் தந்தால் அது என்ன ஆகும் என்று மாதிரியில் ஓட்டிப் பார்ப்பது இன்று வழக்கமான சோதனை.

இதனால் உங்களுக்கு நேரும் விளைவுகள் நேரடியானவை. கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்ணுக்கு, ரிஃபாம்பிசின் தொடங்கிய பின் அம்மாத்திரை பலனற்றுப் போகலாம். சிகிச்சைக் காலத்திலும், அது முடிந்து நான்கு வாரம் வரையிலும் காப்பர்-டி, ஆணுறை போன்ற வேறு முறை வேண்டும். நீரிழிவுக்கான கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளின் அளவு இரத்தத்தில் குறைந்து சர்க்கரை ஏறலாம். உணவில் கட்டுப்பாடு இல்லை என்று நோயாளியைக் கடிந்துகொள்வதற்கு முன் இதை நினைவில் கொள்வது நல்லது. எச்.ஐ.வி. தொற்றுக்கான டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம், ரிஃபாம்பிசினுடன் தரப்படும்போது ஒரு வேளைக்குப் பதிலாக இரு வேளை தரப்படுகிறது. வார்ஃபரின் உட்கொள்வோருக்கு இரத்த உறைவுச் சோதனையை அடிக்கடி செய்ய நேரும். ஐசோனியாசிட் இதற்கு நேர்மாறான வேலையைச் செய்யும். வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயின் வெளியேறுவதை அது தடுப்பதால், அம்மருந்து உடலில் மிகுந்து தள்ளாட்டமும் மயக்கமும் உண்டாகலாம். மெதுவானவர்களிடம் இதற்கான வாய்ப்பு அதிகம்.

மாதிரிகள் வழக்கில் எந்த அளவுக்கு ஏற்கப்பட்டுள்ளன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: இரத்தப் புற்றுநோய் மருந்தான இப்ருடினிப், அமெரிக்காவில் 2013-இல் அனுமதி பெற்றபோது, நேரடியாகச் சோதிக்கப்படாத சில மருந்துச் சேர்க்கைகளுக்கான அறிவுரை கணினி மாதிரியின் கணக்கை ஒட்டியே வகுக்கப்பட்டது. இந்தியாவிலும் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகளுக்கான 2019-ஆம் ஆண்டு விதிகள் 2023-இல் திருத்தப்பட்டு, மனிதரிடம் சோதிக்கும் முன் செய்யப்படும் ஆய்வுகளில் விலங்குச் சோதனையுடன் உயிரணுச் சோதனை, உறுப்புச் சில்லு, கணினி மாதிரி ஆகியவையும் இடம்பெற வழி செய்யப்பட்டது.

மாதிரி அறியாதவை

குழந்தை சிறிய உருவிலுள்ள பெரியவர் அல்ல. பிறந்த சிசுவின் கல்லீரலில் பல நொதிகள் முதிர்ந்திருக்காது. 1950-களின் இறுதியில் குளோராம்பெனிகால் மருந்தைப் பெற்ற பச்சிளங் குழந்தைகள் சாம்பல் நிறமாகி இறந்தபோது இது கசப்பாகப் புரிந்தது. மாறாக, சற்று வளர்ந்த குழந்தைகள் தம் எடைக்கு ஒப்பிடப் பெரியவர்களைவிட விரைவாக மருந்தை வெளியேற்றுகின்றனர். ஆகவேதான் காசநோயுள்ள குழந்தைக்கு ஐசோனியாசிட் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற அளவில், பெரியவர்களுக்கானதைப் போல இரு மடங்காகத் தரப்படுகிறது. என் குழந்தைக்கு இவ்வளவா என்று பெற்றோர் பாதி மாத்திரையை எடுத்துவிடக் கூடாது. வயதுக்கேற்ற நொதி வளர்ச்சியை இன்றைய மாதிரிகள் நன்றாகவே கையாளுகின்றன.

அவை தடுமாறும் இடங்கள் வேறு. பல மாதிரிகளின் கற்பனை மனிதர்கள் முதலில் ஐரோப்பிய உடல் அளவுகளைக் கொண்டு அமைக்கப்பட்டவர்கள். 38 கிலோ எடையும் குறைந்த இரத்தப் புரதமும் கொண்டு, நோயாலும் பசியாலும் மெலிந்து வரும் நம் ஊர் நோயாளி அந்த மனிதர் அல்லர். புரதம் குறைந்தால் இரத்தத்தில் தனித்து உலவும் மருந்தின் பங்கு மாறும். குடல் மருந்தை உறிஞ்சுவதும் மாறலாம். தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவீடுகளில், பல இந்திய நோயாளிகளின் இரத்தத்தில் ரிஃபாம்பிசின் எதிர்பார்த்த உச்சத்தை எட்டவில்லை என்று கண்டறியப்பட்டது. இத்தகைய நேரடி அளவீடு இன்றி மாதிரியை நம் மக்களுக்குப் பொருத்துவது இயலாது.

இரண்டாவதாக, மருந்தின் அளவைப் பொறுத்து வரும் பாதிப்பை மாதிரி ஓரளவு முன்னறியும். ஐசோனியாசிட்டிலிருந்து உண்டாகும் அசிட்டைல்ஹைட்ரசின் என்ற பொருள் கல்லீரலுக்குத் தீங்கு செய்வது இவ்வகை எனலாம். மெதுவானவர்களிடம் இது கூடுதலாகத் தேங்குகிறது. இதை மேலும் நச்சாக மாற்றும் நொதியை மது ஊக்குவிக்கிறது. காசநோய் மருந்துடன் மது கூடாது என்பது ஒழுக்க அறிவுரை மட்டுமன்று, நொதிக் கணக்கும் ஆகும். ஆனால் சிலருக்கு மட்டும் எதிர்பாராமல், நோய் எதிர்ப்பாற்றல் பிறழ்ந்து தோன்றும் கல்லீரல் அழற்சியை இன்றைய எந்த மாதிரியாலும் தனி மனிதரிடம் உறுதியாக முன்னறிய இயலாது. அதனால்தான் உங்கள் மருத்துவர் கணக்கை மட்டும் நம்பாமல் இரத்தச் சோதனை செய்கிறார்.

மூன்றாவது, பெயரில்லாப் பொடி. காமாலைக்குக் கீழாநெல்லி முதலிய மூலிகைகளை நாடுவது நம் பகுதியில் நெடுநாள் வழக்கம். அரசு மருத்துவமனைகளிலேயே சித்த மருத்துவப் பிரிவுகள் உண்டு. அங்கு கலந்து பேசி உட்கொள்வது ஒன்று, என்ன கலந்துள்ளது என்று தெரியாத பொட்டலத்தைக் காசநோய் மருந்துக்கு நடுவே விழுங்குவது முற்றிலும் வேறு. உட்பொருள் தெரியாத ஒன்றைக் கணக்கில் சேர்க்கக் கணினியாலும் முடியாது, மருத்துவராலும் முடியாது.

எப்போது உடனே வர வேண்டும்

ரிஃபாம்பிசின் உட்கொண்ட சில மணி நேரத்தில் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகப் போகும். வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறலாம். இது மருந்தின் நிறம், காமாலையன்று. இதைக் கண்டு மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. கண்ணின் வெள்ளை விழி மஞ்சளாவதே காமாலையின் அடையாளம். அதற்குச் சில நாட்கள் முன்பே பசியின்மை, தொடர் குமட்டல் அல்லது வாந்தி, வலப்பக்க மேல்வயிற்று வலி, மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றலாம்.

இவற்றில் எது தோன்றினாலும் அன்றே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்லுங்கள். கண் மஞ்சளாகியிருந்தால் அடுத்த வேளை மாத்திரையை விழுங்கும் முன் மருத்துவரைக் காணுங்கள். கல்லீரல் நொதி அளவு, அறிகுறியுடன் இயல்பின் உச்சத்தைப் போல் மூன்று மடங்கையோ, அறிகுறி இன்றி ஐந்து மடங்கையோ தாண்டினால் மருந்து தற்காலிகமாக நிறுத்தப்படும். கல்லீரல் தேறிய பின் மருந்துகள் ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்கப்படும். எனவே கல்லீரல் பாதிப்பு வந்தவருக்குக் காசநோய்ச் சிகிச்சை முடிந்துவிட்டது என்று பொருளில்லை. அதே வேளையில், தாமாக நிறுத்திவிட்டு வீட்டில் இருப்பதும், பாதியாகக் குறைத்துக்கொள்வதும் மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு வழிவகுக்கும். வெளியூர் வேலைக்காகப் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ செல்ல நேர்ந்தால் முன்னதாகத் தெரிவியுங்கள். சிகிச்சையை அவ்வூருக்கு மாற்றித் தர முடியும்.

மருத்துவரைக் காணும்போது நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், கடையில் வாங்கியவை, மூலிகைப் பொடிகள் உட்பட, அட்டையோடும் பொட்டலத்தோடும் ஒரு பையில் எடுத்து வாருங்கள். மது அருந்துவதையும், முன்பு காமாலை வந்ததையும், கருவுற்றிருப்பதையும் மறைக்க வேண்டாம். உங்கள் எடை ஒவ்வொரு மாதமும் பார்க்கப்படுகிறதா எனக் கேளுங்கள். எடை கூடும்போது மாத்திரைகளின் எண்ணிக்கையும் மாற வேண்டியிருக்கலாம்.

தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை பெறலாம். காசநோய் குறித்த தேசிய உதவி எண் 1800-11-6666. மருந்தினால் ஏற்பட்ட எந்தப் பாதகத்தையும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண்ணான 1800-180-3024-இல் நோயாளி தாமே தெரிவிக்கலாம். மருந்தின் பெயர், அதைத் தொடங்கிய நாள், அறிகுறி தோன்றிய நாள், உடன் உட்கொண்ட பிற மருந்துகள் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.